பழைய கோல்ஃபுக்கு 8ஜே ரிம்: டயரை இழுத்து மாட்டியதும் மட்கார்டு விளிம்பை மடித்ததும்

வேலை நடந்த கார் 1990-ஆம் வருட ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், இரண்டாம் தலைமுறை. 1.8 லிட்டர் இன்ஜின், 90 குதிரைசக்தி, முன் சக்கர ஓட்டம். நான் இருப்பது ஜெர்மனியில், டோர்ட்முண்டில். இங்கே இந்த மாடல் இன்னும் ரோட்டில் கண்ணில் படும், உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. முன்னால் 60 மி.மீ., பின்னால் 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற குட்டை ஷாக் அப்சார்பரையும் முன்பே மாட்டியாகிவிட்டது. கார் இறங்கிய பிறகு பழைய 13 அங்குல இரும்பு வீலைப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்ட மாதிரி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி.

வாங்கியது பழைய அலாய் வீல் ஒரு செட். 15 அங்குலம், நான்கு போல்ட், 100 மி.மீ. போல்ட் வட்டம். முன்னால் போட 7ஜே ஈடி 25, பின்னால் போட 8ஜே ஈடி 20. ஜே-க்கு முன் வரும் எண் அங்குலத்தில் ரிம்மின் அகலம்; ஈடி என்ன என்று அடுத்துச் சொல்கிறேன். விலையைவிட முக்கியமாக நான் பார்த்தது, வீலுக்கான சோதனைச் சான்றிதழ் கூடவே வந்ததா என்பதைத்தான். ஜெர்மனியில் அந்தக் காகிதம் இல்லாத வீல் வீட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

இந்த எண்களைக் காருக்குள் பொருத்திப் பார்ப்பதுதான் முதல் வேலை. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வீல் ஹப்பில் (வீலை போல்ட் போட்டு மாட்டும் அச்சு முனையில்) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறதோ அதுதான் ஈடி. ஈடி குறையக் குறைய வீல் வெளியே வரும். பழைய வீல் 5.5ஜே ஈடி 38. அதன் பாதி அகலம் 70 மி.மீ.; 38-ஐக் கழித்தால் ஹப் முகத்துக்கு வெளியே 32 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. புதிய முன் வீலுக்கு இதே கணக்கு 64 மி.மீ., பின் வீலுக்கு 82 மி.மீ. அதாவது ரிம் விளிம்பு முன்னால் 32 மி.மீ., பின்னால் 50 மி.மீ. வெளியே வருகிறது. உள்பக்கம் அவ்வளவு பயமில்லை. முன் வீல் 6 மி.மீ.தான் உள்ளே போகிறது. பழைய 175 மி.மீ. அகல டயர் தன் ரிம்முக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்ததால், டயரின் உள்சுவர் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கிறது. ஷாக் அப்சார்பரில் உரசாது.

ரிம் அகலத்தை இரண்டு பீட் (ரிம்மைப் பற்றிக்கொள்ளும் டயரின் கெட்டி ஓரம்) உட்காரும் இடங்களுக்கு நடுவேதான் அளப்பார்கள். விளிம்பின் தடிமனையும் சேர்த்தால் 8ஜே ரிம்மின் மொத்த அகலம் 9 அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். டேப்பை வெளி விளிம்பில் வைத்து அளந்து, 9ஜே என்று விற்பவர்கள் உண்டு. வாங்குமுன் ரிம்மின் உள்பக்க முத்திரையைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது டயர். நான்கு வீலுக்கும் 195/45 ஆர்15, அதாவது அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 15 அங்குலம். ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பின் அட்டவணைப்படி இந்த அளவுக்கு 6 முதல் 7.5 அங்குலம் வரை ரிம் சரி. முன் 7ஜே அதற்குள் இருக்கிறது, அங்கே இழுப்பு, அதாவது குறுகிய டயரை அகல ரிம்மில் விரித்து மாட்டுவது, என்று எதுவும் இல்லை. பின் 8ஜே அரை அங்குலம் தாண்டுகிறது. தாண்டினால் அந்த டயர் மாடலை அந்த ரிம்மில் மாட்டலாம் என்று டயர் கம்பெனியே எழுத்தில் அனுமதி தர வேண்டும். சில கம்பெனிகள் தருகின்றன, சில தருவதில்லை. நான் முதலில் அனுமதிக் கடிதத்தைத் தேடிப் பிடித்து, அதில் இருந்த டயரைத்தான் வாங்கினேன். டயரை முதலில் வாங்கிவிட்டுக் கடிதம் தேடுகிறவர்களின் பாடு சிரமம்.

195-ஐ 8 அங்குல ரிம்மில் ஏன் இழுக்க வேண்டும், பொருத்தமாக 215 போடக் கூடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். அழகுக்கு என்று சொல்லிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் இழுப்பின் உண்மையான பயன் மட்கார்டு விளிம்பில்தான் தெரியும். பின் ரிம்மின் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து 92 மி.மீ. வாக்கில் நிற்கிறது. டயரின் தோள், அதாவது பக்கச் சுவர் முடிந்து தரைபடும் பகுதி தொடங்கும் இடம், அதைவிட ஏறக்குறைய 2 செ.மீ. உள்ளே சாய்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்து வீல் மேலே ஏறும்போது மட்கார்டு விளிம்பை முதலில் தாண்டுவது இந்தத் தோள்தான். டயரின் ஆரம் 278 மி.மீ., ரிம் விளிம்பின் ஆரம் 208 மி.மீ. ஆக, தோள் உரசாமல் உள்ளே போய்விட்டால், ரிம் அந்த உயரத்துக்கு வர இன்னும் 7 செ.மீ. ஏற வேண்டும். என் காரில் அதற்குள் சஸ்பென்ஷனின் ரப்பர் தடுப்பு வந்து நிறுத்திவிடும். 215 போட்டிருந்தால் தோள் சாய்வில்லாமல் நேராக நின்று தகட்டைக் கீறியிருக்கும்.

இங்கே இந்தப் பழக்கம் வளர்ந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஜெர்மானிய வாகன விதி 36அ-வின்படி சக்கரம் போதுமான அளவு மூடப்பட்டிருக்க வேண்டும். சோதனை அதிகாரி பார்ப்பது, வீலின் மையத்திலிருந்து முன்பக்கம் 30 டிகிரி, பின்பக்கம் 50 டிகிரி வரைக்குமான பகுதியில் டயரின் தரைபடும் பாகம் மட்கார்டுக்குள் இருக்கிறதா என்று. அகல ரிம் வேண்டும், தரைபடும் பாகமும் உள்ளே இருக்க வேண்டும் என்றால், டயரைக் குறுக்குவதுதான் வழி. அதற்காக 9ஜே ரிம்மில் 165 டயரைப் போட்டுக்கொண்டு திரிவதை நான் ரசிப்பதில்லை. பக்கச் சுவர் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும். எடை தாங்கும் திறனும் போய்விடும். 195/45-இன் சுமைக் குறியீடு 78, அதாவது ஒரு டயருக்கு 425 கிலோ, ஓர் அச்சுக்கு 850. என் காரின் பதிவுத் தாளில் முன் அச்சுக்கு அனுமதித்த எடை 800-க்குக் கீழே. கணக்கு சரியாக வந்தது. மெல்லிய 165-களில் சுமைக் குறியீடு 73 மாதிரி வரும், ஒரு டயருக்கு 365 கிலோ. அங்கே இந்தக் கணக்கு இடிக்கும்.

வீலை மாட்டுவதற்கு முன் இன்னொரு பொருத்தம் பார்க்க வேண்டும். கோல்ஃபின் ஹப் நடுத்துளை 57.1 மி.மீ. வாங்கிய வீலின் துளை அதைவிடப் பெரிது, ஆகவே நடுவளையம் போட்டுத்தான் மாட்ட வேண்டும். வளையம் இல்லாமல் போல்ட்டின் பிடியிலேயே வீல் நடுவில் நிற்கும் என்று நம்பினால் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். ஃபோக்ஸ்வாகனின் சொந்த வீல்களுக்குப் போல்ட் தலையின் அடி உருண்டையாக இருக்கும். வெளிக் கம்பெனி வீல்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டை போல்ட்டைக் கூம்புத் துளையில் போட்டாலும் முறுக்கம் ஏறும், டார்க் ரென்ச்சும் கிளிக் என்று சொல்லும். ஆனால் தொடுவது ஒரு மெல்லிய வளையம் மட்டுமே, ஓடும்போது தளர்ந்துவிடும். எம்12 x 1.5 போல்ட் குறைந்தது ஆறரைச் சுற்று உள்ளே போக வேண்டும் என்பது இங்குள்ள விதி. அதிக நீளமும் ஆகாது. பின்னால் டிரம் பிரேக், போல்ட் நீண்டால் உள்ளே ஹேண்ட்பிரேக் பாகங்களில் முட்டும். மாட்டிய பிறகு வீலைக் கையால் சுற்றிச் சத்தம் கேட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. முறுக்கம் 110 நியூட்டன் மீட்டர்.

இனி மட்கார்டு. பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, டயர் இல்லாத வெறும் ரிம்மையும் பிறகு டயரோடும் மாட்டி, ஜாக்கியால் வீலை ரப்பர் தடுப்பில் முட்டும் வரை தூக்கிப் பார்த்தேன். கார் நிற்கும் உயரத்தில் இடைவெளியை அளப்பதில் ஒரு பயனும் இல்லை. முழுக்க அமுங்கிய நிலைதான் கணக்கு. விளிம்பின் உட்புறம் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டிவிட்டு வீலை ஏற்றி இறக்கினால், எங்கே எவ்வளவு மிச்சம் என்று அதன் தடிமனே காட்டிவிடும். முன்பக்கம் விளிம்பில் பிரச்சினை இல்லை, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபோது பிளாஸ்டிக் உள்மட்கார்டில் மட்டும் லேசாகப் பட்டது. அதைச் சூடாக்கி உள்ளே தள்ளியதும் சரியாகிவிட்டது. பின்பக்கம் விளிம்பை மடிக்காமல் முடியாது.

மடிக்குமுன் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி விளிம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள். 30 வருடக் காரில் எங்காவது புட்டி வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் ரோலர் பட்டால் புட்டி வெடித்துக் கையோடு வந்துவிடும். என் காரில் வலப்பக்கக் கீழ் மூலையில் கொஞ்சம் இருந்தது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, தகடு வரை போய், கடைசியில் பெயின்ட் அடித்துக்கொண்டேன்.

ரோலர் என்பது ஹப்பில் போல்ட் போட்டு மாட்டும் ஒரு நீண்ட கை, நுனியில் கெட்டி பிளாஸ்டிக் உருளை. வாடகைக்குக் கிடைக்கிறது. ஹீட் கன்னால் விளிம்பைக் கை வைத்தால் சுடுகிற அளவுக்குச் சூடாக்கிக்கொண்டே, உருளையை இடமும் வலமுமாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கால் திருகு மட்டும் அழுத்தம் கூட்டலாம். சூடு ஆறினால் பெயின்ட் வெடிக்கும், அவசரப்பட்டால் தகட்டில் அலை விழும். கோல்ஃபின் பின் விளிம்பு ஒற்றைத் தகடு இல்லை. வெளித் தகடும் உள் சக்கரக் கூட்டுத் தகடும் சேர்த்து ஸ்பாட் வெல்டு செய்த இரட்டை மடிப்பு. அதனால் முன் மட்கார்டைவிட நிறையவே முரண்டு பிடிக்கும். முழுக்க மடங்கிய பிறகு லேசாக வெளியேயும் இழுத்தேன், ஒரு சில மி.மீ.தான். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது, பின்னால் நின்று பார்த்தால் தெரியும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், இரண்டு குளிர்காலம் போனதும் விளிம்பு பொரிந்துவிடுகிறது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே தொழிற்சாலையில் போட்ட சீலன்ட் மடிக்கும்போது கிழிந்துவிடும். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அந்தத் தண்ணீர் நேராக மடிப்புக்குள் போகும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருமாற்றி தடவி, எபாக்சி பிரைமர் அடித்து, மடிப்பு நெடுக சீம் சீலன்ட் போட்டு, காய்ந்த பிறகு உள்ளே மெழுகு அடித்தேன். ரோலர் ஓட்டிய நேரத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் போயிற்று.

கேம்பர் பற்றிக் கொஞ்சம். முன்னாலிருந்து பார்க்கும்போது வீல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேம்பர்; உச்சி உள்ளே சாய்ந்தால் மைனஸ். பின் அச்சில் கம்பெனி வைத்த கேம்பரே மைனஸ் 1 டிகிரி 40 நிமிடம். டயரின் உச்சி ஏற்கனவே 8 மி.மீ. உள்ளே சாய்ந்துதான் இருக்கிறது. நான்கு போல்ட்டில் நிற்கும் பின் ஹப்புக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வுத் தகடு வைத்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் இன்னும் 5 மி.மீ. கிடைக்கும். எனக்குத் தேவைப்படவில்லை. கேம்பரை ஏற்றி டயரின் உள் ஓரத்தைத் தின்னக் கொடுப்பதைவிட விளிம்பை ஒழுங்காக மடிப்பது மேல் என்பது என் கட்சி. முன்னால் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட் துளையில் இருக்கும் சிறு தளர்வைப் பயன்படுத்தி மைனஸ் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் வைத்தேன். இறக்கிய காரில் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், கண்டிப்பாக மாறியிருக்கும். அதைக் கடையில் மெஷினில்தான் சரிபார்க்க வேண்டும்.

டயர் மாட்டும் நாள். முதலில் போன கடையில் 8ஜே-யையும் 195-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, அனுமதிக் கடிதத்தை எல்லாக் கடையும் மதிக்க வேண்டும் என்று இல்லை. அடுத்த கடையில் இருந்தவர் இப்படிப்பட்ட வீல்கள் பலவற்றைப் பார்த்தவர். டயரை ரிம்முக்குள் ஏற்றுவது சிரமமே இல்லை. சிரமம் காற்றடிப்பதில். டயரின் இரண்டு பீட்டும் ரிம் விளிம்பிலிருந்து தள்ளியே நிற்பதால், அடிக்கிற காற்று இடைவெளி வழியாக வெளியே போய்விடும். வால்வு ஊசியைக் கழற்றி, பீட் நெடுக மவுன்டிங் பேஸ்ட் தாராளமாகப் பூசி, கையடக்க ஏர் டேங்கின் வாயை இடைவெளியில் வைத்து ஒரே மூச்சில் திறந்தார். படார் என்று ஒரு பக்கம் உட்கார்ந்தது. உடனே வால்வு வழியாகக் காற்று. பீட் ரிம்மின் மேட்டைத் தாண்டிக் குதிக்கும் வரை 3.3 பாருக்கு மேல் போகக் கூடாது, குதித்த பிறகு நன்றாகப் படிய 4 பார் வரை போகலாம். இது ஜெர்மன் ரப்பர் தொழில்துறையின் வழிகாட்டுதல். 3.3-லும் குதிக்கவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு, பேஸ்ட் பூசி, மறுபடி தொடங்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது கையை இழக்கும் வழி.

எரியும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துத் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். எத்தனை பார் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாது, பீட் கருகினால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது.

உட்கார்ந்த பிறகு டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வளையக் கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் பீட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மறைந்தால் அங்கே உட்காரவில்லை. சோப்புத் தண்ணீர் அடித்து ஒரு இரவு வைத்துவிட்டு மறுநாள் அழுத்தம் பார்த்தோம். ஓடும்போது பின்னால் 2.7 பார் வைத்திருக்கிறேன். இழுத்து மாட்டிய டயரில் காற்று குறைந்தால் பீட் நழுவும் வாய்ப்பு அதிகம், அதனால் வாராவாரம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

சோதனைக்கு ட்யூஃப் என்ற வாகனச் சோதனை அமைப்பின் நிலையத்தில் முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தேன். அதிகாரி காரை எதிரெதிர் மூலைகளில் மேடையில் ஏற்றி, பின் இருக்கையில் எடை வைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, டார்ச் லைட்டோடு நான்கு மட்கார்டுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். உரசல் இல்லை. பிறகு அவர் நேராகப் போனது பின் அச்சுக்குப் பக்கத்திலுள்ள பிரேக் அழுத்தச் சீராக்கிக்கு. இது காரின் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை ஸ்பிரிங் மூலம் உணர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும் கருவி. காரை இறக்கினால், பின்னால் பாரம் ஏற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதிக அழுத்தம் விடும், ஈர ரோட்டில் பின் வீல் முதலில் லாக் ஆகும். இறக்கிய அன்றே அதைச் சரிசெய்து வைத்திருந்தேன். ஹெட்லைட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதையும் அளந்தார். சின்ன டயர் போட்டதால் கார் இன்னும் 1 செ.மீ. இறங்கியிருந்தது. இந்த ஒரு செ.மீ.யைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பீடோமீட்டர் மூன்றரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். குறைத்துக் காட்டினால்தான் குற்றம், கூடுதலாகக் காட்டுவதற்கு ஓர் அளவு வரை இடம் உண்டு.

காருக்கு எச் நம்பர் பிளேட் இருந்ததால் இன்னொரு கேள்வியும் வந்தது. 30 வருடம் தாண்டிய, பழைய நிலையில் பேணிய காருக்குத்தான் அந்த பிளேட். அதற்கு ஆண்டு வரி ஒரே தொகை, 191.73 யூரோ. கார் பதிவாகி முதல் பத்து வருடத்துக்குள் செய்திருக்கக்கூடிய மாற்றம் என்றால் ஏற்றுக்கொள்வார்கள். 90-களின் கோல்ஃப் கூட்டங்களில் இந்த மாதிரி வீல் இல்லாத காரைத் தேட வேண்டியிருந்திருக்கும். வீலில் பொறித்திருந்த தயாரிப்புத் தேதியும் உதவியது. பதிவுத் தாளில் இரண்டு வீல் அளவும் டயர் அளவும் ஏறிவிட்டன.

ஓட்டுவதற்கு எப்படி? ஸ்டீயரிங் திருப்பியதும் கார் உடனே திரும்புகிறது, பக்கச் சுவர் வளைய இடமே இல்லை. ஆட்டோபானில் (ஜெர்மன் விரைவுச்சாலையில்) நேர்க்கோட்டில் நன்றாகப் போகிறது, ஆனால் லாரிகள் பதித்த தடங்களில் முன்பைவிட இழுக்கிறது. கல் பாவிய தெருவில் முதுகெலும்பு எண்ணப்படும். நடைபாதை ஓரத்தில் நிறுத்தும்போது டயருக்கு முன் ரிம்தான் கல்லில் படும், ஆகவே ஓரம் ஒட்டி நிறுத்துவதையே விட்டுவிட்டேன். முதல் 50 கி.மீ. ஓடியதும் போல்ட்களை மறுபடி 110-இல் முறுக்கினேன், முன் இடது வீலில் ஒன்று கொஞ்சம் நகர்ந்தது.

குளிர்காலத்துக்கு அதே 13 அங்குல இரும்பு வீலும் பனி டயரும்தான். அவற்றுக்கு உருண்டை போல்ட், அலாய்க்குக் கூம்பு போல்ட், நீளமும் வேறு. இரண்டு டப்பாவிலும் மூடியின் மேல் எழுதாமல் டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறேன். மூடி மாறிப் போகும்.